பெட்ரோல் அம்பாசடர் ஸ்டார்ட் ஆகலைன்னா எங்க ஆரம்பிக்கணும்? அடிக்கடி வர்ற கேள்விகள்

எங்க பெரியப்பா டாக்ஸி ஓட்டுன 1984 மார்க் 4 இப்ப என்கிட்ட இருக்கு, பாயின்ட் (காயிலுக்குப் போற கரண்டை விட்டு விட்டு வெட்டுற சின்ன ஸ்விட்ச்) வச்ச டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை நாலு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புறது), கார்புரேட்டர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இந்த வண்டி வச்சிருக்கேன்னு தெரிஞ்சதுல இருந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், அவங்க ஃப்ரெண்ட்ஸ்னு எல்லாரும் கேக்குறது ஒரே விஷயம்தான், வண்டி நின்னுடுச்சு என்ன பண்றது. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க எழுதிட்டேன். 1992 வாக்குல வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் இதுல பாதி பொருந்தாது, அதை மொதல்லயே சொல்லிடுறேன்.

வண்டி ஸ்டார்ட் ஆகல. மொதல்ல எதை மாத்தணும்?

எதையும் மாத்தாதீங்க. மொதல்ல காதை வச்சுக் கேளுங்க. சாவி திருப்புனா செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார், இன்ஜினை சுத்துதா இல்லையா, இது ஒண்ணு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. சுத்தலைன்னா பேட்டரி, ஒயர், செல்ஃப் மோட்டார் பக்கம் பாக்கணும். நல்லா சுத்தியும் பிடிக்கலைன்னா ஸ்பார்க், பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள பிஸ்டன் குடுக்குற அழுத்தம்), இந்த மூணுல ஒண்ணு குறையுது, இதுக்கு வெளிய நாலாவதா ஒரு காரணம் வர்றது ரொம்ப அபூர்வம். நிறைய பேர் பிளக்கை மாத்தி, ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏத்திக் குடுக்குற காயிலை மாத்தி, கார்புரேட்டரை கழட்டி மாட்டி, கடைசில இருந்த ஒரு கோளாறோட புதுசா ரெண்டு கோளாறையும் சேத்து வச்சுக்கிட்டு போன் பண்றாங்க, அப்பறம் எது மொதல்ல இருந்ததுன்னே யாருக்கும் தெரியாது.

சாவி திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வருது, இன்ஜின் அசையல.

ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. லைட் அப்படியே மங்கி செத்துப் போச்சுன்னா பேட்டரில சார்ஜ் இல்ல, இல்லன்னா டெர்மினல் பூத்துப் போயிருக்கு. வெந்நீர் ஊத்தி கழுவி, உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு இறுக்கி மாட்டுங்க, பத்துல நாலு வண்டி இதுலயே கிளம்பிடும்னு என் அனுபவத்துல சொல்வேன். மீட்டர் இருந்தா சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டணும், செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு கீழ போச்சுன்னா பேட்டரியை சந்தேகப்படுங்க.

லைட் மங்கவே இல்ல, சத்தம் மட்டும் வருதுன்னா சோலனாய்டுக்கு, அதாவது செல்ஃபுக்கு கரண்ட் விடுற ஸ்விட்ச்சுக்கு, அப்பறம் கரண்ட் போகல.

இங்க எல்லாரும் விடுற ஒரு விஷயம் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டிங் மேல உக்காந்திருக்கு, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பாங்க, கியர் பாக்ஸ் எறக்கி ஏத்தும்போது அதை மாட்ட மறந்துடுவாங்க. அது இல்லன்னா கரண்ட் வேற வழி தேடி சோக் கேபிள் வழியா, ஆக்சிலேட்டர் கேபிள் வழியா போகும். செல்ஃப் அடிச்சதும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா வேற டெஸ்ட்டே வேணாம், பட்டையை மாட்டுங்க.

பேட்டரி புதுசு மாட்டும்போது இன்னொண்ணு, ரொம்பப் பழைய வண்டிங்க சிலதுல பாசிட்டிவ்தான் எர்த், அதனால நெகட்டிவ்தான் பாடிக்குன்னு பழக்கத்துல மாட்டாதீங்க, பழைய பேட்டரி எப்படி மாட்டியிருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

செல்ஃப் மட்டும் விர்ருன்னு சுத்துது, இன்ஜின் சுத்த மாட்டேங்குது.

பழைய லூகாஸ் செல்ஃப்ல பென்டிக்ஸ் பினியன் தன் வேகத்துலயே முன்னாடி ஓடிப்போய் ஃப்ளைவீல் பல்லுல மாட்டும். அந்த திருகு தண்டுல கிளட்ச் தூசியும் எண்ணெயும் சேந்து பிசினாயிட்டா பினியன் நகராது. செல்ஃபை கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி அப்படியே காய வச்சு மாட்டணும், கிரீஸ் போட்டுடாதீங்க, போட்டா மறுபடி தூசி ஒட்டும். இதுக்கு நேர்மாறா பினியன் பல்லுல மாட்டிக்கிட்டு வெளிய வராமலும் போகும், அப்ப சாவியை ஆஃப் பண்ணிட்டு டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுனா படக்குன்னு விட்டுடும்.

இன்ஜின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கவே இல்ல. ஸ்பார்க்கா பெட்ரோலான்னு ரோட்டுல நின்னுக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு ஸ்பூன் பெட்ரோல் போதும். ஏர் கிளீனரை கழட்டி கார்புரேட்டர் வாயில ஒரே ஒரு ஸ்பூன் ஊத்திட்டு, பாட்டிலை மூடி பத்தடி தள்ளி வச்சுட்டு, ஏர் கிளீனரை திரும்ப வச்சுட்டு அப்பறம் செல்ஃப் அடிங்க. ரெண்டு செகண்ட் ஓடி நின்னா ஸ்பார்க் நல்லா இருக்கு, பெட்ரோல்தான் வரல. ஒண்ணுமே ஆகலைன்னா ஸ்பார்க் பக்கம் போங்க. ஒருத்தர் செல்ஃப் அடிக்க இன்னொருத்தர் மேலேருந்து ஊத்திக்கிட்டே இருக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம், கார்புரேட்டர் எதுத்து அடிச்சா தீ நேரா கையில இருக்கிற பாட்டிலுக்குத்தான் வரும்.

ஸ்பார்க் பாக்குறதுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நடுவுல வர்ற தடி ஒயரை உருவி, காஞ்ச துணியில சுத்திப் பிடிச்சு, முனையை இன்ஜின் இரும்புலேருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளி வச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்க சொல்லுங்க. நீலமா, தடியா, டப்பு டப்புன்னு சத்தத்தோட வரணும். மஞ்சளா, நூல் மாதிரி வந்தா அது ஸ்பார்க் கணக்குல வராது.

ஸ்பார்க் இல்ல. இப்ப காயிலை மாத்திடலாமா?

வேணாம், காயில் கடைசி. ஒரு 12 வோல்ட் பல்பு, ரெண்டு ஒயர், இதை வச்சே பாத்துடலாம். நெகட்டிவ் எர்த் வண்டின்னு வச்சுக்கங்க, காயில்ல எஸ்டபிள்யூ (சாவி ஸ்விட்ச் பக்கம்), சிபி (பாயின்ட் பக்கம்) ன்னு ரெண்டு முனை இருக்கும், புது காயில்ல பிளஸ், மைனஸ்னு போட்டிருப்பான். சாவியை ஆன் பண்ணிட்டு பல்போட ஒரு ஒயரை பாடில வச்சு இன்னொண்ணை எஸ்டபிள்யூல வைங்க. எரியலைன்னா சாவி ஸ்விட்ச்லேருந்து காயில் வரைக்கும் எங்கயோ ஒயர் விட்டிருக்கு. எரிஞ்சா அடுத்து சிபி முனைக்கு மாத்தி வச்சு செல்ஃப் அடிங்க, பல்பு விட்டு விட்டு எரியணும், பாயின்ட் மூடும்போது அணையும், திறக்கும்போது எரியும். விட்டு விட்டு எரியுது ஆனா தடி ஒயர்ல நல்ல ஸ்பார்க் இல்லன்னா காயில், பாயின்ட் முகம் தீப்பொறில கருகாம காப்பாத்துற கண்டென்சர், அந்த தடி ஒயர், இந்த மூணுதான்.

எரிஞ்சுக்கிட்டே இருந்தா பாயின்ட் மூடவே இல்ல, இல்லன்னா மூடியும் அழுக்கால கரண்ட் கடக்கல. எரியவே இல்லன்னா சிபி முனைலேருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற சின்ன ஒயரை கழட்டிட்டு மறுபடி பாருங்க, இப்ப பல்பு எரிஞ்சா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எர்த் ஆகுது, இப்பவும் எரியலைன்னா காயில் உள்ள அறுந்து போச்சு, அப்பத்தான் காயிலுக்கு காசு குடுக்கணும்.

பாயின்ட் இடைவெளி 14லேருந்து 16 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), நான் 15 வைப்பேன். பாயின்ட் முழுசா திறந்திருக்கிற எடத்துல இன்ஜினை நிறுத்திட்டுத்தான் இடைவெளி அளக்குற தகடு கேஜ் விடணும், இதை பல பேர் செய்றதில்ல. பிளக் 25 தௌ. பாயின்ட் முகத்துல ஒரு பக்கம் பள்ளமும் ஒரு பக்கம் மேடுமா சீக்கிரமே ஆயிடுதுன்னா கண்டென்சரை மாத்துங்க, பாயின்ட்டை மட்டும் மாத்துனா கொஞ்ச நாள்ல அதுவும் அப்படியே ஆகும்.

எல்லாம் புதுசு போட்டாச்சு, பாயின்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி. இன்னும் ஸ்டார்ட் ஆகல, மெக்கானிக் இன்ஜினை இறக்கணும்னு சொல்றார்.

இது எனக்கே நடந்தது. வண்டி வாங்கி ரெண்டாவது வருஷம், ஒரு ஒர்க்‌ஷாப்ல மூணு வாரம் நின்னுச்சு, இன்ஜின் போச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் அடிக்கணும்னு எஸ்டிமேட் குடுத்தாங்க. நேத்து வரைக்கும் புகையில்லாம ஓடுன இன்ஜின் ராத்திரியோட எப்படி போகும்னு மனசு ஒத்துக்கல, கட்டி இழுத்துட்டு வந்துட்டேன். பெரியப்பா கூட ஓட்டுன ஒரு பழைய டிரைவர் அண்ணன் வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ள இருந்த ஒரு விரல் நீள ஒயரை ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா இழுத்தாரு, அது ரப்பர் மாதிரி நீண்டுச்சு. மேல துணி கவர் அப்படியே இருக்கு, உள்ள செம்பு அறுந்து போயிருக்கு. இன்ஜின் உறிஞ்சுற வேக்கம் இழுக்குறப்பல்லாம் பாயின்ட் தட்டு அசையும், அதோட அந்த ஒயரும் மடங்கி மடங்கி ஒரு நாள் உள்ளயே விட்டுடும். சாதா தடி ஒயரைப் போட்டா சீக்கிரம் மறுபடி அறுந்துடும், ரொம்ப மெல்லிய இழைங்க நிறைய இருக்கிற வளையுற ஒயரா பாத்துப் போடணும். அதே தட்டுக்கு ஒரு எர்த் ஒயரும் உண்டு, அதையும் இழுத்துப் பாருங்க.

புதுசா போட்ட சாமானே கோளாறா இருக்கிறதும் சகஜம், அதுலயும் ரோட்டார், அதாவது மூடிக்குள்ள சுத்தி ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைத் தள்ளுற துண்டு. இப்ப வர்ற சிலதுல பித்தளைத் தகட்டை ஆணி அடிச்சு நிறுத்தியிருக்கான், அந்த ஆணி வழியா கரண்ட் கீழ ஷாஃப்ட்டுக்கு ஓடிடும். தடி ஒயர்ல அருமையான ஸ்பார்க், பிளக்ல ஒண்ணும் இல்லன்னா ரோட்டாரை அதோட எடத்துலயே விட்டுட்டு அந்த தடி ஒயர் முனையை ரோட்டார் தலைக்கு மேல கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு செல்ஃப் அடிங்க, ஸ்பார்க் ரோட்டாருக்குள்ள தாவுச்சுன்னா ரோட்டார் எர்த், தூக்கிப் போடுங்க. பழைய ரோட்டார் நல்லா இருந்தா அதையே திரும்ப மாட்டுங்க. மூடிக்குள்ள நடுவுல ஒரு சின்ன கார்பன் குச்சி ஸ்ப்ரிங்கோட இருக்கும், அது விழுந்திருக்கான்னும் பாருங்க.

பாயின்ட் மாட்டும்போது பிளாஸ்டிக் வாஷர் வரிசை மாறுனாலும் மொத்தமா எர்த் ஆயிடும். கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டா இந்த வம்பே இல்ல.

பிளக் ஒயரையெல்லாம் ஒண்ணா கழட்டிட்டேன், எது எங்கன்னு தெரியல.

ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது 1ஆம் சிலிண்டர். வரிசை 1, 3, 4, 2. ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர் திசைல சுத்தும். 1ஆம் பிளக்கைக் கழட்டி ஓட்டைல விரலை வச்சுக்கிட்டு வண்டி முன்னாடி மாட்டுற ஸ்டார்ட்டிங் ஹேண்டில்ல மெதுவா சுத்துங்க, காத்து விரலைத் தள்ளும்போது கிராங்க் புல்லி குறி நேரா வந்தா ரோட்டார் காட்டுற முனைதான் 1, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர் திசைல 3, 4, 2. புஸ் புஸ்ஸுனு கார்புரேட்டர்ல அடிக்குது, சைலன்சர்ல வெடிக்குதுன்னா பெரும்பாலும் இந்த வரிசைதான் மாறியிருக்கும்.

பெட்ரோல் வரல. டேங்க்ல பெட்ரோல் இருக்கு.

கார்புரேட்டருக்கு வர்ற பைப்பை கழட்டி ஒரு பாட்டில்ல விட்டுட்டு, காயில் ஒயரையும் கழட்டிட்டு செல்ஃப் அடிங்க, பீச்சிப் பீச்சி அடிக்கணும். வரலைன்னா டேங்க் மூடியைத் திறங்க, உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்தா மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கு, இவ்ளோதான். இல்லன்னா டேங்க்லேருந்து பம்ப் வரைக்கும் ரப்பர் ஓஸ்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க, அங்க பெட்ரோல் சொட்டாது, காத்தைத்தான் உறிஞ்சும், அதனால கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் பக்கவாட்டுல இருக்கிற பம்புல கைல அடிக்கிற நெம்புகோல் இருந்தா அடிச்சுப் பாருங்க, பிடிப்பே இல்லன்னா இன்ஜினை கொஞ்சம் சுத்தி நிறுத்திட்டு மறுபடி அடிங்க, உள்ள கேம் தூக்குன எடத்துல நின்னிருக்கும்.

பம்புக்குள்ள அசையுற மெல்லிய டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தா பெட்ரோல் ஆயில்ல எறங்கும். ஆயில் ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சு லெவலும் ஏறியிருந்தா இன்ஜினை ஓட்டாதீங்க, பம்பை சரி பண்ணி ஆயிலையும் மாத்திட்டு அப்பறம் ஓட்டுங்க.

ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சுட்டேன், இப்ப ஒரே பெட்ரோல் நாத்தம்.

ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு. சோக்கை முழுசா உள்ள தள்ளுங்க, ஆக்சிலேட்டரை தரை வரைக்கும் மிதிச்சு அப்படியே வச்சுக்கங்க, பம்ப் பண்ணாதீங்க, அஞ்சாறு செகண்ட் செல்ஃப் அடிங்க. பத்து செகண்டுக்கு மேல ஒரே மூச்சுல அடிக்காம நடுவுல அரை நிமிஷம் விடுங்க, செல்ஃப் சூடாயிடும். பிடிக்கலைன்னா பிளக்கை கழட்டி துடைச்சு காய வைங்க. அடிக்கடி இப்படி ஆச்சுன்னா கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தை நிறுத்துற ஃப்ளோட் ஊசில குப்பை சிக்கியிருக்கும், ஸ்பேனர் பிடியால ஃப்ளோட் சேம்பரை லேசா தட்டுனா சில நேரம் விட்டுடும்.

காலைல ஒரே அடில ஸ்டார்ட் ஆகுது, வெயில்ல ஓட்டி நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா ஆக மாட்டேங்குது.

நம்ம ஊரு சித்திரை வெயில்ல இதுதான் பெரிய தலைவலி. இந்த இன்ஜின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒண்ணு மேல ஒண்ணு, வண்டி நின்னதும் காத்து ஓட்டம் இல்லாம அந்த சூடு மேல ஏறி பெட்ரோல் பொங்கிடும், பைப்லயும் ஆவியாகி ஏர் லாக் ஆயிடும். ஆனா இதே அறிகுறி காயிலுக்கும் கண்டென்சருக்கும் உண்டு, சூட்டுல செத்து ஆறுனா பொழைச்சுக்கும். அதனால நின்ன அந்த நிமிஷத்துலயே, ஆறுறதுக்குள்ள, ஸ்பார்க்கைப் பாருங்க. ஸ்பார்க் நல்லா இருந்தா பெட்ரோல், பம்ப் மேல ஈரத்துணி போட்டு, பானட்டைத் திறந்து வச்சு, ஆக்சிலேட்டரை பாதி மிதிச்சு சோக் இல்லாம அடிங்க. ஆறுன பிறகு பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், நாலு மெக்கானிக்கைப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால பழைய வண்டி ஸ்டார்ட் ஆகாம போகுமா?

தினமும் ஓடுற வண்டி ஸ்டார்ட் ஆகும். மாசக்கணக்குல நிக்கிற வண்டிக்குத்தான் கெடுதல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் அதிகமாச்சுன்னா தண்ணியும் எத்தனாலும் சேந்து டேங்க் அடில தனியா பிரிஞ்சு நிக்கும், பம்ப் மொதல்ல உறிஞ்சுறது அதைத்தான். பழைய ரப்பர் ஓஸும் டயாஃப்ரமும் உப்பி இளகிடும், அதுல உதிர்ற தூள் கார்புரேட்டர் ஜெட்ல போய் அடைக்கும். 2023லேருந்து பங்க்ல இது வர ஆரம்பிச்சுது, 2025ல நாடு முழுக்க 20 சதவீதம் எட்டியாச்சு, 1980கள்ல செஞ்ச ரப்பருக்கு இது தெரியாது. எத்தனால் தாங்குற ஓஸா மொத்தமும் மாத்திடுங்க, சின்ன செலவுதான், வண்டி எரியாம இருக்குறதுக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஊர்ல தாத்தா வண்டி எட்டு வருஷமா கொட்டகைல நிக்குது. பேட்டரி மாட்டி அடிச்சுப் பாக்கலாமா?

தயவுசெஞ்சு அடிச்சுடாதீங்க. மொதல்ல நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. அப்பறம் கையால, ஹேண்டில்ல, மெதுவா சுத்துங்க. அசையலைன்னா பலம் போடாதீங்க, கியர் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு நாலஞ்சு நாள் ஊற விட்டு, டாப் கியர்ல வண்டியை லேசா முன்னும் பின்னும் ஆட்டுங்க. பொறுமையா செஞ்சா பல இன்ஜின் விட்டுக்குடுக்கும், செயின் கட்டி இழுத்தா ரிங் உடையும்.

டேங்க்ல இருக்கிறது இப்ப பெட்ரோல் இல்ல, வார்னிஷ், முழுசா வடிச்சிடுங்க. ஏர் கிளீனரைத் திறங்க, எலிக்கூடு இருக்கும், ஒயரையும் எலி கடிச்சிருக்கும். ஆயில், ரேடியேட்டர் தண்ணி ரெண்டையும் மாத்துங்க. பிளக் இல்லாமலே செல்ஃப்ல சுத்தி ஆயில் பிரஷர் காட்டுன பிறகுதான் பிளக்கை மாட்டணும். பிரேக்கைப் பாக்காம மட்டும் ரோட்டுக்கு எடுத்துடாதீங்க.

வெள்ளத்துல மூழ்கின வண்டி?

2015 டிசம்பர்ல சென்னைல நிறைய நல்ல இன்ஜின் தண்ணியால சாகல, தண்ணி வடிஞ்சதும் அவசரமா செல்ஃப் அடிச்சதாலதான் செத்துச்சு. தண்ணி அமுங்காது, சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். பேட்டரியைக் கழட்டுங்க, பிளக்கைக் கழட்டுங்க, கையால சுத்தி தண்ணியை வெளிய துப்ப வைங்க. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா மாத்துங்க, கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடியும் மாத்துங்க.

ஸ்பார்க் இருக்கு, பெட்ரோலும் வருது, ஆனாலும் பிடிக்கல.

இப்பத்தான் கம்ப்ரஷன். கம்ப்ரஷன் அளக்குற கேஜ் வாடகைக்கோ கடனாவோ கிடைக்கும். நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாருங்க. நாலும் 100 பிஎஸ்ஐக்கு மேல, ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட சமமா இருந்தா இன்ஜின் ஸ்டார்ட் ஆகியே தீரணும், திரும்பி டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வர்ற நேரத்தைப் பாருங்க. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டு மட்டும் ரொம்பக் குறைவுன்னா நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். குறைவா இருக்கிறதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறுனா ரிங், ஏறலைன்னா வால்வு.

வால்வுன்னா உடனே பயப்படாதீங்க, மொதல்ல டாப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற நெம்புக்கும் நடுவுல விடுற சின்ன இடைவெளியைப் பாருங்க. 2000 பிப்ரவரியோட ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டுல நின்னு போச்சு, இந்த பழைய இரும்பு ஹெட்ல வால்வு உக்காருற எடம் அந்த ஈயத்தை நம்பி செஞ்சது, அது இல்லாம எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமா உள்ள பதியும், டாப்பெட் கேப் சத்தமில்லாம குறைஞ்சு ஒரு நாள் வால்வு மூடாமலே நிக்கும். டாப்பெட் அடிக்கலைன்னு சந்தோஷப்படுறவங்க இதை கவனிக்கணும். கேப் வச்ச உடனே ஸ்டார்ட் ஆன வண்டிங்களை நான் பாத்திருக்கேன், இன்ஜினை இறக்க சொன்ன வண்டிங்கதான் அதெல்லாம்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்றது எப்படி? யாருமே சொல்லித்தர மாட்டேங்குறாங்க.

கியர் நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் மேல, ரெண்டையும் ரெண்டு தடவை பாருங்க. கட்டை விரலை ஹேண்டிலைச் சுத்திப் பிடிக்கக் கூடாது, மத்த நாலு விரலோட ஒரே பக்கம்தான் இருக்கணும். கீழேருந்து மேல இழுக்கணும், மேலேருந்து கீழ அழுத்தவே கூடாது, இன்ஜின் எதுத்து உதைச்சா மணிக்கட்டு போயிடும். மெதுவா சுத்தி கம்ப்ரஷன் கனமா வர்ற எடத்துல நிறுத்தி, அங்கேருந்து ஒரே வெடுக்கு. டைமிங் ரொம்ப முன்னாடி வச்ச வண்டில ஹேண்டிலைத் தொடாதீங்க.

சாமான் எங்க கிடைக்கும்?

அம்பாசடர் ஃபேக்டரி இருந்த மேற்கு வங்க உத்தரபாராவுல வண்டி செய்றது 2014லயே நின்னாச்சு, ஆனா தேஞ்சு போற சாமான் இன்னும் கிடைக்குது. சென்னைன்னா புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்கு புதுப்பேட்டை. டிஸ்ட்ரிபியூட்டர், செல்ஃப் மட்டும் புதுப்பேட்டைல லூகாஸ் டிவிஎஸ் பேர் போட்ட பழசு நல்ல நிலைல கிடைச்சா விடாதீங்க, புஷ் மாத்தி சுத்தம் பண்ணுனா பேர் தெரியாத புதுசை விட நல்லா உழைக்கும். வாங்கும்போது ஷாஃப்ட்டை பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கடகடன்னு ஆடுச்சுன்னா பாயின்ட் கேப் நிக்கவே நிக்காது. பழைய சாமானைக் கையோட எடுத்துட்டுப் போங்க, மாடல் பேரைச் சொல்லி வாங்குனா தப்பா வரும். என் டிக்கில எப்பவும் ஒரு செட் பாயின்ட், ஓடிப் பாத்த ஒரு கண்டென்சர், ரோட்டார், ஒரு மீட்டர் ஓஸ், டெஸ்ட் பல்பு, கேஜ், உப்புத்தாள் இருக்கும், ஒரு டிபன் பாக்ஸ்ல மொத்தமும் அடங்கிடும்.